நாளுக்கு ஒரு குளிசை

எயிட்ஸ் வந்தால் வாழ்வு முடிந்தது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. எச்.ஐ.வி. கிருமியை உடலிலிருந்து முற்றாக அகற்றும் குளிசை இல்லைத்தான். ஆனால் அதனை அடக்கி வைத்து, நீரிழிவு நோயாளரைப் போல நீண்ட காலம் உழைத்து வாழச் செய்யும் மருந்துகள் உண்டு.

1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவியது. பல உயிர்கள் தப்பின. ஆயினும் நாளுக்குப் பல குளிசைகள் விழுங்க வேண்டியிருந்தது. சில வெறும் வயிற்றில், சில உணவுடன், சில எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. வயலில் நிற்பவருக்கு இது எப்படி இயலும்?

2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளையும் ஒரே குளிசையில் அடக்கியது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆண்டுக்குப் பத்தாயிரம் டொலர் வரை சென்ற சிகிச்சையை, தொண்டு நிறுவனங்களுக்கு 350 டொலருக்குத் தர முன்வந்தது. 2006இல் நாளுக்கு ஒரே குளிசை என்ற மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் டொலுடெக்ராவிர் சேர்ந்த சிகிச்சையை முதல் தெரிவாகப் பரிந்துரைத்தது. இதுவும் நாளுக்கு ஒரே குளிசையாகக் கிடைக்கிறது.

குளிசை குறைந்தது வசதிக்காக மட்டுமல்ல. களைநாசினியை அரைகுறையாக அடித்தால் தப்பிய களை அடுத்த போகத்தில் அந்த மருந்துக்கே அடங்காது. கிருமியும் அப்படியே. உடல் தேறிவிட்டது என்று மருந்தை விட்டுவிட்டு எடுத்தால் அது மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி தென்படாத நிலை நீடித்தால், உடலுறவினால் துணைக்குத் தொற்றாது.

விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனியவை விட்டெழுந்த நமக்கு, இடம் மாறும்போது எத்தனை காரியங்கள் அறுபடும் என்பது தெரியும். மருந்து அறுபடக்கூடாது. ஆகவே:

• தினமும் மாறாத ஒரு வேலையோடு, இரவுச் சாப்பாட்டோடு என்றாலும் சரி, குளிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

• வெளியூர் வேலைக்குப் போகுமுன் கிளினிக்கில் சொல்லி, போதிய மருந்தையோ மாற்றுக் கடிதத்தையோ கேளுங்கள்.

• இரும்புச்சத்து, கல்சியம், நெஞ்செரிவுக் குளிசைகள் டொலுடெக்ராவிரின் வேலையைக் குறைக்கலாம். கர்ப்பிணிகள் இதை வைத்தியரிடம் அவசியம் சொல்லவேண்டும்.

• ஒரு வேளை தவறினால் மறுநாள் இரட்டிப்பாக எடுக்காதீர்கள்.

இலங்கையில் 2004 முதல் அரசு இச்சிகிச்சையை இலவசமாக வழங்குகிறது. கண்டியிலும் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் உண்டு. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதை 2019இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது.

குளிசையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் நிலை எந்த வீட்டிலும் வரலாகாது. நேரத்தை நினைவூட்ட ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரின் பிள்ளைகள் நாம். அந்த ஒருவராக இருப்போம்.