காற்று போன பின் ஓடிய தூரம்

சிட்னிக்கு மேற்கே, மெரிலேண்ட்ஸ் வழியாகப் போகும் வுட்வில் சாலையில் டயர் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆணி ஏறிய ரன்-ஃபிளாட் (காற்று போனாலும் ஓடும்) டயரோடு இப்படிப்பட்ட கடைகளில் ஏறி இறங்கினால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். இந்த ரகத்துக்கு ஒட்டுப் போடுவதே இல்லை, புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள் என்பது ஒன்று. சக்கரத்தைக் கழற்றாமலே ஆணியைப் பிடுங்கி, பசை தோய்ந்த ரப்பர் திரியைத் துளையில் திணித்து, மிச்சத்தை நறுக்கி, ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிடுவது இன்னொன்று. முதலாவது செலவு இழுக்கும், இரண்டாவது ஆபத்தை இழுக்கும். இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: டயருக்குள்ளே யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ரன்-ஃபிளாட் டயரைப் பழுதுபார்க்கலாமா என்று துளையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது என்பதே என் கட்சி. காற்று இறங்கிய பிறகு அந்த டயர் எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் ஓடியது என்று தெரிந்தாக வேண்டும்.

காரின் பாரத்தை உண்மையில் சுமப்பது டயருக்குள் அடைபட்ட காற்று. காற்று போனதும் சாதாரண டயரின் மெல்லிய பக்கச்சுவர் மடிந்து, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கும். ரன்-ஃபிளாட்டில் பக்கச்சுவருக்குள் பிறை வடிவில், சூடு தாங்கும் கெட்டி ரப்பரை வைத்திருப்பார்கள். காற்று முழுக்கப் போனாலும் அந்தப் பிறை முட்டுக்கொடுத்து நிற்கும். 1997இல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட் கார், இதை நம்பியே ஸ்பேர் வீல் இல்லாமல் விற்பனைக்கு வந்தது. 2000க்குப் பின் பி.எம்.டபிள்யூ. தன் கார்கள் பலவற்றில் இதையே வழக்கமாக்கியது. டயரின் பக்கவாட்டில் ஆர்.எஸ்.சி., ஆர்.எஃப்.டி., இசட்.பி. போன்ற எழுத்துகள் இருந்தால் அது இந்த ரகம். சுவர் இவ்வளவு விறைப்பாக இருப்பதால் காற்று இறங்கியது ஓட்டுபவருக்குப் பல சமயம் தெரியவே தெரியாது. அதனால்தான் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு இல்லாத காரில் இந்த டயரைப் போடக்கூடாது என்கிறார்கள்.

காற்றே இல்லாமல் மணிக்கு 80 கி.மீ.க்கு மிகாமல் 80 கி.மீ. தூரம் என்பது பெரும்பாலான ரன்-ஃபிளாட்டுகளுக்குச் சொல்லப்படும் எல்லை. மெரிலேண்ட்ஸிலிருந்து கட்டூம்பா ஏறத்தாழ அவ்வளவு தூரம். ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியில் காற்று இறங்கினால் வீடு வந்து சேர்ந்துவிடலாம். கான்பெரா போகிற வழியில், கோல்பர்னும் தாண்டி என்றால் கணக்கு உதைக்கும். இந்த 80 கி.மீ.யில் டயர் படும் பாட்டைப் பாருங்கள். நடுத்தரக் காரின் டயர் ஒரு சுற்றில் சுமார் 2 மீட்டர் உருளும். ஆகவே மொத்தம் 40,000 சுற்று, வினாடிக்கு 11 தடவை. ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவரின் ஒவ்வொரு பகுதியும் காரின் எடையில் ஏறக்குறைய கால்பங்கைத் தாங்கி வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் சூடேறும் அல்லவா, அதே கதைதான். வளைக்கச் செலவான ஆற்றலை ரப்பர் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. மிச்சம் வெப்பமாகித் தேங்குகிறது. ரப்பருக்கும் உள்ளே ஓடும் இழைகளுக்கும் உள்ள பிடிப்பை அந்த வெப்பம் தளர்த்துகிறது. 80 கி.மீ. என்பது உதவி கிடைக்கும் இடத்துக்குப் போய்ச்சேரக் கொடுத்த தவணை. போய்ச்சேர்ந்த டயர் அப்புறமும் உழைக்கும் என்று அதற்குள் எந்த உறுதிமொழியும் இல்லை.

ஆகவே ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல டயரின் உட்பூச்சு வழுவழுவென்று ஒரே கறுப்பாக இருக்கும். காற்றில்லாமல் ஓடிய டயரில் பக்கச்சுவரை ஒட்டி வளையமாகச் சுருக்கம் விழுந்திருக்கும், நிறம் மாறியிருக்கும். அழிரப்பர் தேய்த்தபின் மேசையில் கிடக்கும் துகள் போல அடியில் ரப்பர் தூள் உதிர்ந்து கிடக்கும். தூளைக் கண்டால் பேச்சே வேண்டாம், அந்த டயர் முடிந்தது. எதுவும் தென்படாவிட்டால்தான் சிக்கல். தடித்த சுவருக்குள் இழையின் பிடிப்பு விட்டிருந்தால் கண்ணுக்கும் விரலுக்கும் அகப்படாது. தயாரிப்பாளர்களே ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம்: பழுதுபார்க்கவே வேண்டாம் என்போரும் உண்டு, நிபந்தனையோடு ஒருமுறை செய்யலாம் என்போரும் உண்டு.

ஆனால் ஆணி ஏறிய எல்லா டயரும் காற்றின்றி ஓடுவதில்லை. ஆணி துளையிலேயே இருந்தால் அதுவே பாதி அடைப்பான். 33 பி.எஸ்.ஐ. மெல்ல 25க்கு இறங்கும், விளக்கு எரியும். உடனே பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில் காற்றடித்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டால் அந்தப் பிறை ரப்பருக்கு வேலையே வந்திருக்காது. துளை 6 மி.மீ.க்குள், ரோட்டில் படும் பட்டையின் நடுப்பகுதியில் இருந்தால் அதைச் சாதாரண டயரைப் போலவே சரிசெய்யலாம் என்பேன். உள்பக்கத்தைச் சுரண்டி, பசை தடவிக் காயவிட்டு, காளான் வடிவ ஒட்டின் காம்பை உள்ளிருந்து வெளியே இழுத்து, சிறு உருளையால் அழுத்தித் தேய்ப்பார்கள். காம்பு துளையை அடைக்கும், குடை உட்பூச்சை மூடும். பட்டையின் ஓரமான தோளிலோ பக்கச்சுவரிலோ துளை என்றால் எந்த டயருக்கும் இது ஆகாது. தேய்ந்து தேய்ந்து பள்ளம் 1.5 மி.மீ. என்ற சட்ட எல்லையை நெருங்கிய டயருக்கும் இந்தச் செலவு தண்டம்.

திரி வைத்தே இரண்டு வருடம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். ஆகாமல் இருக்கலாம். காற்று நிற்கும்வரை பாரம் காற்றின் மேல்தான். தளர்ந்த சுவருக்குச் சோதனையே வருவதில்லை. அடுத்த ஆணி ஏறி, எம்4 மோட்டார்வேயில் காற்று முழுதாகப் போகிற அன்றுதான் அதன் பலம் தெரியும். அன்று கைகொடுக்க பூட்டில் ஸ்பேர் வீலும் கிடையாது. கடைக்காரர் மறுப்பதே புது டயர் விற்கத்தான் என்ற சந்தேகமும் உண்டு. அதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். விறைத்த சுவரை ரிம்மிலிருந்து கிளப்புவதற்குத் துணைக்கை பொருத்திய எந்திரம் வேண்டும். அது இல்லாத கடைக்கு 'முடியாது' என்பது எளிய பதில். கழற்றிக் காட்டச் சொல்வதும், அதற்குரிய கூலியைக் கொடுப்பதும்தான் வழி. சுருக்கத்தையும் தூளையும் கண்முன் காட்டி மறுக்கிறவரிடம் வாதாட ஒன்றுமில்லை.

கடைக்காரர் கண்ணுக்கு எட்டாத விவரம் ஓட்டுநரிடம் மட்டுமே இருக்கிறது. விளக்கு எரிந்ததும் பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி, திரையில் தெரியும் அழுத்தத்தையும் ஓடிய கிலோமீட்டரையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். எண்ணைக் காட்டாமல் விளக்கை மட்டும் எரியவிடும் கார்களும் உண்டு. அவற்றுக்குக் கையுறைப் பெட்டியில் காற்றழுத்தம் பார்க்கும் ஓர் அளவுமானி போதும். கடையில் டயரை இறக்கும்போது முதலில் அந்த எண்களைச் சொல்லுங்கள், ஆணியைக் காட்டுவது பிறகு.