மோயாற்றுப் பாறுகள்: காப்பக எல்லையும் கால்நடை மருந்தும்

நீலகிரியின் வடசரிவிற்கும் மைசூர் மேட்டுநிலத்திற்கும் இடையே ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடும் மோயாறு, முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் வழியே சென்று பவானியில் கலக்கிறது. அதன் கரையில் ஓங்கி நிற்கும் நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடமைக்கின்றன. கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகியனவும் இப்பள்ளத்தாக்கில் காணப்படுகின்றன. முதுமலை 1940 முதல் சரணாலயம். 2007 முதல் புலிகள் காப்பகம். சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமாயிற்று. காடு காக்கப்பட்டது, மரங்களும் நின்றன. ஆயினும் பாறுகள் அருகின. இம்முரணை விளக்குவது எளிதன்று. காரணம் காட்டிற்குள் இல்லை.

இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 1992க்கும் 2007க்கும் இடையே 99.9 விழுக்காடு குறைந்தது. நோய்க்கிருமி ஒன்றே காரணமெனத் தொடக்கத்தில் பலர் ஐயுற்றனர். பாகிஸ்தானில் இறந்த பறவைகளை ஆய்ந்து 2004இல் வெளியான முடிவு வேறாக இருந்தது. கால்நடைகளின் வலியையும் வீக்கத்தையும் தணிக்கப் போடப்படும் டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே நஞ்சு. ஊசி போட்ட சில நாள்களுக்குள் மாடு இறந்தால் மருந்து அதன் தசையில் எஞ்சியிருக்கும். அதை உண்ட பாற்றின் சிறுநீரகம் செயலிழக்க, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெண்படலமாகப் படிகிறது. 130 முதல் 760 வரையான சடலங்களுள் ஒன்றில் நஞ்சிருந்தாலே இப்பேரழிவிற்குப் போதும் எனக் கணிக்கப்பட்டது. ஒரு சடலத்தைப் பல பாறுகள் சூழ்ந்து உண்பதும், ஓர் இணை ஓராண்டில் ஒரு முட்டையே இடுவதும் சேரும்போது இக்கணக்கு வியப்பளிப்பதில்லை.

காப்பக எல்லை பாற்றிற்கு எல்லை அன்று. இரை தேடி அது ஒரே நாளில் பந்திப்பூருக்கும் வயநாட்டிற்கும் பறந்து செல்லும். கூடு காப்பகத்திலும் உணவு ஊர்ப்புறத்து மேய்ச்சல் நிலத்திலும் இருக்குமாயின், வேலியும் காவலும் பாதிப் பணியையே செய்கின்றன.

தமிழாய்வாளர் கருதத்தக்க செய்தி ஒன்றும் இங்குண்டு. இன்றைய வழக்கில் ‘கழுகு’ என்பது உயிருள்ள இரையை வேட்டையாடும் பறவையையும் பிணந்தின்னும் பறவையையும் வேறுபாடின்றிச் சுட்டுகிறது. சங்கப் பாடல்கள் எருவை, பாறு, பருந்து எனப் பிரித்துரைத்தன. எருவைக்குச் சிவந்த செவி கூறப்படுவது, செந்தலைப் பாற்றின் கழுத்தோரம் தொங்கும் செந்நிறத் தோல்மடிப்பை நேரில் கண்டவர் கூற்றாகவே தோன்றுகிறது. டொராண்டோவின் டோர்செட் பார்க் போன்ற குடியிருப்புகளில் தமிழ் பயிலும் சிறுவர்க்கு, கோடை வானில் வட்டமிடும் பிணந்தின்னிப் பறவைக்கும் ஏரியில் மீன் கவரும் வெண்தலைக் கழுகிற்கும் ஒரே சொல்தான் கிடைக்கிறது. ஈழத்துப் பின்னணி கொண்டோர்க்கு இழப்பு இன்னும் மிகுதி. இலங்கையில் பாறுகள் நிலையாக வாழ்வதில்லை. தமிழ்நாட்டுக் காப்பாளர்கள் ‘பாறு’ என்னும் பழஞ்சொல்லை மீட்டு மேய்ப்பரிடமும் பள்ளிகளிலும் வழங்கச் செய்தது வெறும் மொழிப்பற்று அன்று. பெயர் மயங்கினால் எப்பறவை அழிகிறது என்பதும் மயங்கும். திருக்கழுக்குன்றத்து மலையில் நாள்தோறும் அமுதுண்ண வந்த ‘கழுகுகள்’ மஞ்சள்முகப் பாறுகளே. அவற்றின் வரவு நின்றதைப் பலர் தெய்வக் குறையாகக் கண்டனர். இன அழிவாகக் கண்டோர் சிலரே.

இந்திய அரசு 2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கைத் தடைசெய்தது. மனிதர்க்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் பயன்பட்டமையால், 2015இல் ஒரு குப்பியின் அளவு 3 மில்லி லிட்டராகக் குறைக்கப்பட்டது. மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2017இல் அக்கட்டுப்பாட்டை உறுதிசெய்தது. பாறுகளுக்குத் தீங்கு செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் ஆகியன கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தீங்கற்ற மெலாக்சிகாம் முன்பே அறியப்பட்டிருந்த நிலையில் இக்காலத்தாழ்வை நியாயப்படுத்த இயலாது.

தமிழ்நாடு 2022இல் பாறு பாதுகாப்பிற்கென மாநிலக் குழு அமைத்தது. 2023 பிப்ரவரியில் கேரளம், கர்நாடகத்துடன் இணைந்து நடத்திய கணக்கெடுப்பில் 246 பாறுகள் பதிவாயின. எஞ்சியுள்ள இடரோ சட்டத்தால் மட்டும் தீர்வதன்று. புலியோ சிறுத்தையோ கொன்ற மாட்டின் உடலில் உரிமையாளர் சினத்தால் நஞ்சிடுகையில், அதை உண்ண முதலில் இறங்குவன பெரும்பாலும் பாறுகளே. இழப்பீடு விரைந்து கைக்கு வரும் ஊர்களில் அச்சினத்திற்கு இடமில்லை.