முதல் பத்து மீட்டர்

1905ஆம் ஆண்டு மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில், மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்தது. கணக்கில் ஏறிய சிப்பிகள் 8,15,80,716. இலங்கை அரசுக்குக் கிடைத்த வருவாய் 25,10,727 ரூபாய். எட்டுக் கோடிச் சிப்பியில் கடைசி ஆறு சிப்பி வரை எழுதி வைத்திருக்கிறார்கள். எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. குளித்தவர்கள் அரபுகளும், கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து போன தமிழர்களும்.

இந்த எண்ணிலிருந்தே இன்னொரு எண்ணையும் கறந்துவிடலாம். ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலப் படையதிகாரி இலங்கையைப் பற்றி 1803இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒருவர் நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது முறை மூழ்குவார், மூழ்கும் ஒவ்வொரு முறையும் நூறு சிப்பி அளவில் கொண்டுவருவார் என்பது அதில் அவர் தரும் தகவல். நூறு என்பது தாராள மதிப்பு. அதையே ஏற்றாலும், 1905இன் சிப்பிகளை மேலே கொண்டுவர 8 லட்சம் முறைக்கு மேல் ஆட்கள் கடலடிக்கு இறங்கியிருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு காது என்றால் 16 லட்சம் முறை செவிப்பறைகள் அழுத்தம் வாங்கியிருக்கின்றன. படகில் ஏறியதும் வாய், மூக்கு, காது வழியாக நீர் வடியும், பல வேளை ரத்தமும் வரும், ஆனாலும் தன் முறை வந்ததும் மறுபடி இறங்கிவிடுவார்கள் என்றும் பெர்சிவல் எழுதியிருக்கிறார். வருவாய்க் கணக்கில் அந்த ரத்தத்துக்கு இடமில்லை.

ஒற்றைக் காதின் கணக்கைப் பார்ப்போம். செவிப்பறையின் கனம் 0.1 மில்லிமீட்டர். அதன் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. உள்ளே காற்றை ஏற்றி ஈடுகட்டாமல் 10 மீட்டர் போனால் அந்தச் சவ்வின் மேல் அரைக் கிலோவுக்கும் கூடுதலான எடை ஏறும். அவ்வளவு தூரம் அது தாங்காது.

பாதரச அளவில் சொன்னால், ஒரு மீட்டர் இறங்க அழுத்தம் 75 மில்லிமீட்டர் உயர்கிறது. 60ஐத் தொடும்போதே, அதாவது 80 சென்டிமீட்டரிலேயே, வலி தொடங்கிவிடும். 90இல், 1.2 மீட்டரில், தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் 35 மில்லிமீட்டர் குழலின் வாய் இறுகிக்கொள்ளும். அதன் பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. மேலே ஏறித்தான் ஆக வேண்டும். 100க்கும் 400க்கும் இடையில் செவிப்பறை கிழிகிறது. ஆழத்தில் இது 1.3 மீட்டரிலிருந்து 5.3 மீட்டர் வரை.

இந்தக் கணக்கு எனக்கு முதலில் நம்பும்படி இல்லை. ஆழம்தான் ஆபத்து என்றுதான் பேச்சு. நடுச்செவியில் அடைபட்ட காற்றோ வேறு கதை சொல்கிறது. முதல் 10 மீட்டரில் அது பாதியாகச் சுருங்குகிறது. அடுத்த 10 மீட்டரில் மூன்றில் ஒன்றாகிறது, அதாவது கூடுதலாக இழப்பது 17 சதவீதம். மூன்றாவது 10 மீட்டரில் இழப்பது 8 சதவீதம்தான். ஆக, 20 மீட்டரில் சங்கு எடுப்பவரும், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி ஓரிரு ஆள் ஆழத்தில் பாசி எடுக்கும் பெண்களும் செவிப்பறை கிழியும் அதே எல்லைக்குள் புகுந்துதான் வேலை செய்கிறார்கள். எவ்வளவு ஆழம் என்பதைவிட எத்தனை முறை என்பதே இங்கே பெரிய எண். வலி வராமல் 10 மீட்டர் இறங்க ஒவ்வொரு 80 சென்டிமீட்டருக்கும் ஒரு முறை என 12 முறை காதைத் திறக்க வேண்டும். நாளுக்கு 40 இறக்கம் என்றால் 480 முறை. சளி பிடித்த நாளில் இதில் பத்து தவறினால் போதும்.

மூக்கைப் பிடித்து ஊதும் முறைக்கு, 1704இல் காதைப் பற்றி நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் வால்சால்வாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். குளிப்பவர்கள் இடக்கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கியதைப் பெர்சிவலும் பார்த்திருக்கிறார். ஆனால் சிலர் நீர் புகாமலிருக்கக் காதையும் அடைத்துக்கொண்டார்களாம். அது கெடுதல். அடைப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காற்றை எந்த வழியாகவும் ஈடுகட்ட முடியாது. சவ்வு வெளிப்பக்கமாக உறிஞ்சப்படும். மாறாக, மூச்சைக் கட்டி மூர்க்கமாக ஊதினால் உட்செவியின் சன்னல் சவ்வு கிழிவதும் உண்டு. உட்செவியில் ஒலியை நரம்புக்கு ஏற்றிவிடும் முதன்மை மயிர்ச்செல்கள் காதுக்கு சுமார் 3,500. அவற்றுக்குத் துணைநிற்பவை 12,000. செத்தவை மறுபடி முளைப்பதில்லை.

கிழிந்த செவிப்பறை அப்படியல்ல. பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். அதற்கு ஒரே நிபந்தனை, ஆறு முதல் எட்டு வாரம் காதில் தண்ணீர் படக்கூடாது. அன்றாடம் குளித்தால்தான் அடுப்பெரியும் என்ற வீட்டுக்கு எட்டு வாரம் என்பது மருந்துச் சீட்டில் எழுதும் வரியல்ல, இரண்டு மாத வருமானம். எனவே ஓட்டையோடே இறங்குகிறார்கள், சீழ் பிடிக்கிறது, ஓட்டை நிலைத்துவிடுகிறது. கேட்கும் திறனில் அதன் விலை 10 முதல் 40 டெசிபல். தென்கிழக்கு ஆசியக் கடல்களின் பஜாவ் மக்களில் சிலர் சிறு வயதிலேயே வேண்டுமென்று செவிப்பறையைக் கிழித்துக்கொள்வதாகச் சென்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை காதைத் திறக்கும் வேலை மிச்சம், வலியும் மிச்சம். கேட்க அதிர்ச்சியாக இருந்தாலும், கூட்டிக்கழித்துப் பார்த்துச் செய்த காரியம்தான்.

கம்ப்ரசர் வந்தபின் கணக்கு மாறியது. படகில் இயந்திரம், அதிலிருந்து நீளும் குழாய், பல்லில் கடித்த முனை. இறக்கங்கள் குறைகின்றன, அடியில் இருக்கும் நேரம் கூடுகிறது. அமெரிக்கக் கடற்படையின் அட்டவணைப்படி 60 அடியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருந்தால் நேராக மேலே வரலாம். அதற்கு மேல் போனால் நிறுத்தி நிறுத்தித்தான் ஏற வேண்டும். தவறினால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகக் கிளம்பும். அது உட்செவியைத் தாக்கினால் தலைசுற்றல், வாந்தி, ஒரு பக்கம் திடீர்ச் செவிடு. சிகிச்சை அழுத்த அறையில், 60 அடி ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் ஆக்சிஜனோடு தொடங்கி, 4 மணி 45 நிமிடம். அதையும் சில மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். போதாக்குறைக்கு அந்த இயந்திரத்தின் இரைச்சல் வேறு. 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்றால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம்.

கடைசியாகச் சட்டத்தின் கணக்கு. இந்தியாவில் 2025 வரை நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் முழுச் செவிட்டை உழைத்துச் சம்பாதிக்கும் திறனின் முழு இழப்பாக ஏற்றது. அழுத்தக் காற்றில் வேலை செய்வதால் வரும் நோய்களும் அதன் பட்டியலில் இருந்தன. ஆனால் இழப்பீடு தர ஒரு முதலாளி வேண்டும். பங்குக்குக் குளிப்பவர் யாரிடம் போய்க் கேட்பார்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு முதலாளி தேவையில்லை. அங்கே வரம்பு இது: இரு காதிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 முதல் 70 டெசிபல் இழந்தவர் கேட்கும் திறன் குறைந்தவர், 70 இழந்தவர் செவிடர்.

செவிப்பறையும் நடுச்செவி எலும்புகளும் அடியோடு போனாலும், உட்செவி நன்றாக இருந்தால் இழப்பு 60 டெசிபலை ஒட்டி நின்றுவிடும். ஆக, இரு செவிப்பறையும் கிழிந்து ஆண்டுக்கணக்கில் சீழ் வடியும் ஒருவர் வாசற்படி வரை வந்து நிற்கிறார். ஒரு காது முற்றிலும் போய் மற்றது பிழைத்தவரோ வாசலுக்கே வரவில்லை, ஏனென்றால் சட்டம் கேட்பது இரண்டு காதை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட தரவரிசையில் ஒற்றைக் காது இழப்புக்குத் தனி வரிசை உண்டு; நல்ல காதில் 35 டெசிபலைத் தாண்டினாலே வாழ்க்கையை முடக்கும் இழப்பு என்றும் அது எண்ணுகிறது. 35க்கும் 60க்கும் நடுவே 25 டெசிபல். ஒலியின் ஆற்றலாக மாற்றினால் சுமார் 300 மடங்கு.