கடிகாரம் ஒத்துக்கொள்ள வேண்டும்

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கிள்ளான் பக்கம் கூட்டரசு நெடுஞ்சாலையில் போகிறவர்கள், சுபாங் ஜெயாவைத் தாண்டியதும் பத்து தீகாவைக் கடக்கிறார்கள். 1968-ல் அங்கே ஒரு பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 2003-ல் மூடப்படும்வரை பல ஓட்டுநர்கள் அதில் பழகினார்கள். அதற்குள் 1999-ல் செப்பாங் தடம் வந்துவிட்டது. 5.543 கிலோமீட்டர் நீளம், 15 வளைவுகள், 2017 வரை ஃபார்முலா ஒன் பந்தயம். கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயன் 2005-ல் அங்கே ஓட்டி 11-ஆம் இடம் பிடித்தபோது, தமிழர் வீட்டுத் தொலைக்காட்சிகளுக்கு முன்னால் என்ன ஆரவாரம் எழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

செப்பாங்கைப் பற்றிப் பேச ஆளிருக்கிறது. அதைவிட எளிய, சாதாரணக் கார் வைத்திருக்கும் யாரும் இறங்கிப் பார்க்கக்கூடிய ஒரு போட்டியைப் பற்றிச் சொல்லத்தான் ஆளில்லை. மலேசியாவில் அதற்கு ஆட்டோகானா என்று பெயர். வேறு சில நாடுகளில் ஆட்டோகிராஸ் என்று நடப்பதற்கு இது நெருங்கிய உறவு. காலியான வாகன நிறுத்துமிடம் ஒன்றில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை அடுக்கிப் பாதை போடுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். எதிராளி கடிகாரம் மட்டுமே. கூம்பைத் தட்டினால் தண்டனையாக விநாடிகள் கூடும். பாதையைத் தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் சேராது. பெரும்பாலும் முதல் கியர், இரண்டாவது கியர். வேகம் 60 கிலோமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். நெடுஞ்சாலையில் நாம் தூக்கக் கலக்கத்தோடு ஓட்டும் வேகத்தைவிட இது குறைவு. ஆனாலும் ஒரு நிமிட ஓட்டம் முடிந்து இறங்குகிறவருக்கு உள்ளங்கை வியர்த்திருக்கும். காரணம், அந்த ஒரு நிமிடமும் அவருடைய கார் இயற்பியலின் விளிம்பில் ஓடியிருக்கிறது.

அந்த விளிம்பு எங்கே இருக்கிறது? டயர் தரையைத் தொடும் இடத்தில். பெரோடுவா மைவி போன்ற ஒரு கார், ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை டயரின் காற்றழுத்தத்தால் வகுத்தால், ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய 110 சதுர சென்டிமீட்டர் பரப்பில்தான் தரையைத் தொடுகிறது என்று தெரியும். நான்கையும் கூட்டினால்கூட ஓர் ஏ4 தாளின் பரப்பு வராது. ஓடுவது, திரும்புவது, நிற்பது எல்லாமே அந்தச் சிறு பரப்பின் வழியாகத்தான்.

அங்கே நடப்பது வியப்பானது. ரப்பர் தாரின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் அழுந்தி உருமாறுகிறது. பழைய உருவுக்குச் சற்றுத் தாமதமாகத் திரும்புகிறது. கூடவே ரப்பரின் மூலக்கூறுகள் சாலைக் கல்லின் மேற்பரப்போடு ஒரு கணம் ஒட்டி, இழுபட்டு, விடுபடுகின்றன. பிடிமானம் என்று நாம் சொல்வது இந்த இரண்டும் சேர்ந்தது. இவை முழு அளவில் நடக்க வேண்டுமானால் ரப்பர் தரைமேல் கொஞ்சம் நழுவியாக வேண்டும். வளைவில் சக்கரம் நோக்கும் திசைக்கும் கார் உண்மையில் நகரும் திசைக்கும் சில பாகை வித்தியாசம் வரும்போதுதான் டயர் தன் முழு வலுவையும் காட்டுகிறது. சாதாரணச் சாலை டயருக்கு அது ஆறு முதல் பத்துப் பாகை வரை. அதற்கு மேல் போனால் வலு குறையத் தொடங்கும். டயர் கீச்சிடுவது அந்த உச்சத்தை நெருங்கிவிட்டோம் என்பதற்கான அறிவிப்பு. மெல்லிய முனகல் நல்லது. அலறல் என்றால் எல்லையைத் தாண்டியாகிவிட்டது.

புதிதாக வருகிறவர்கள் முதலில் சிக்குவது இந்த இடத்தில்தான். முன்சக்கரத்தால் இழுக்கப்படும் மைவியில் ஒருவர் கூம்பைச் சுற்றித் திரும்புகிறார். வேகம் கொஞ்சம் அதிகம். முன்டயர்கள் அலறுகின்றன; கார் திரும்பாமல் நேராகவே நழுவிப் போகிறது. அவர் ஸ்டீரிங்கை இன்னும் ஒடிக்கிறார். டயரின் கோணம் உச்சத்தைத் தாண்டி 20, 25 பாகைக்குப் போகிறது. வலு மேலும் குறைகிறது, கார் மேலும் நேராகப் போகிறது. அப்போது செய்ய வேண்டியது மனம் சொல்வதற்கு நேர் எதிரானது: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டீரிங்கைச் சற்றே நேராக்க வேண்டும். டயர் மீண்டும் கடித்துப் பிடிக்கும், கார் திரும்பும். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் கை அதைச் செய்ய வேண்டுமானால் கையே அதை அனுபவித்திருக்க வேண்டும்.

அடுத்த பாடம் எடையைப் பற்றியது. பிரேக்கை அழுத்தியதும் காரின் மூக்கு கீழே அமுங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த 1,000 கிலோ காரில் பலமாக பிரேக் அடித்தால் ஏறத்தாழ 175 கிலோ எடை பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. முன்டயர்களின் பிடி கூடுகிறது, பின்டயர்களின் பிடி தளர்கிறது. அந்த நிலையில் ஸ்டீரிங்கை வெடுக்கென்று திருப்பினால் பின்பக்கம் சுழன்றுவிடும். பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே திருப்பினால், அதே எடை முன்டயர்களை அழுத்திப் பிடித்து வளைவுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். பழகிய ஓட்டுநரின் கைகால்கள் நிதானமாக இருப்பது இதனால்தான். எடை நகர நேரம் வேண்டும். அந்த நேரத்தை அவர்கள் கொடுக்கிறார்கள்.

ஒரு டயரால் பிரேக் வேலையையும் திரும்பும் வேலையையும் சேர்த்துச் செய்ய முடியுமா? முடியும், ஒரு கணக்குக்கு உட்பட்டு. ஜெர்மானியப் பொறியாளர் வுனிபால்ட் காம் பெயரால் வழங்கும் வட்டம் அதைக் காட்டுகிறது. பிடிமானம் முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு எதுவும் மிச்சமில்லை. 80 விழுக்காடு கொடுத்தால் மிச்சம் 20 என்றுதான் நினைப்போம். ஆனால் இந்த இரு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. ஆகவே பித்தாகரஸ் கணக்குப்படி 60 விழுக்காடு மிஞ்சுகிறது. பிரேக்கிலிருந்து சிறிதளவு காலைத் தளர்த்தினாலே திரும்பும் வலு அவ்வளவு கிடைக்கிறது! வளைவுக்குள் பயந்துபோய் முழு பிரேக் அடிப்பவருக்கும், கொஞ்சம் தளர்த்துபவருக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

கை, கால் என்று இவ்வளவு பேசினாலும், முதலில் மாற வேண்டியது கண். மைக்கேல் லேண்ட், டேவிட் லீ என்ற இரு ஆய்வாளர்கள், வளைந்த சாலையில் ஓட்டுகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று அளந்து 1994-ல் வெளியிட்டார்கள். வளைவு வருவதற்கு ஒன்றிரண்டு விநாடிகள் முன்பே கண் அதன் உள்விளிம்பைத் தேடிப் போய்விடுகிறது. பின்னர் லேண்ட் இங்கிலாந்தின் மேலரி பார்க் தடத்தில் ஒரு பந்தய ஓட்டுநரை ஆராய்ந்தபோது, அவருடைய தலையே காருக்கு ஏறத்தாழ ஒரு விநாடி முன்னதாகத் திரும்புவதைக் கண்டார்.

ஆட்டோகானாவில் இதன் பொருள் என்ன? கூம்புகள் 15 மீட்டர் இடைவெளியில் வரிசையாக இருக்கின்றன. கார் மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடுகிறது. ஒரு கூம்பிலிருந்து அடுத்ததற்கு ஒரு விநாடிக்குச் சற்றே அதிகம். அருகிலிருக்கும் கூம்பையே பார்த்துக்கொண்டிருப்பவர் எப்போதும் தாமதமாகத்தான் திருப்புவார். போதாக்குறைக்கு, எதைத் தட்டிவிடுவோமோ என்று பயந்து பார்க்கிறோமோ அதன் பக்கமே கையும் போகும். பக்கத்துக் கூம்பை மறந்து, அதற்கு அடுத்த கூம்பைப் பார்க்கப் பழகிய நாளிலேயே புதியவரின் நேரம் குறையும். அதனால்தான் போட்டிக்கு முன் பாதையை நடந்து பார்க்கச் சொல்கிறார்கள். நடக்கும்போது சுற்றிலும் ஒரே மாதிரிக் கூம்புகள்தான். கண்ணை மூடி முழுப் பாதையையும் மனத்தில் ஓட்டிப் பார்க்க முடிகிறவரை திரும்பத் திரும்ப நடப்பவர்களுக்கு, காரில் உட்கார்ந்ததும் பாதி வேலை முடிந்திருக்கும்.

இனி, உணர்வு நம்மை எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒற்றைக் கூம்பை அரைவட்டமாகச் சுற்ற வேண்டும். 10 மீட்டர் ஆரத்தில் நெருக்கமாகச் சுற்றலாம். 14 மீட்டர் ஆரத்தில் அகலமாகவும் சுற்றலாம். காய்ந்த தாரில் முதல் வழிக்கு மணிக்கு 32 கிலோமீட்டர்தான் தாங்கும், இரண்டாவதற்கு 38 வரை போகலாம். அகலமாகப் போகிறவருக்கு வேகமாகப் பறப்பதாகவே தோன்றும். ஆனால் அவர் ஓட வேண்டிய தூரமும் 31 மீட்டரிலிருந்து 44 மீட்டராகிறது. நெருங்கிச் சுற்றியவர் 3.5 விநாடியில் முடிக்க, அகலமாகச் சுற்றியவருக்கு 4.2 விநாடி ஆகிறது. வளைவுக்குப் பின் நீளமான நேர்ப்பாதை இருந்தால் வெளியேறும் வேகத்துக்கு மதிப்பு உண்டு, கணக்கு மாறும். இல்லையென்றால் மெதுவாகத் தோன்றியதே விரைவு.

காரைப் பக்கவாட்டில் நழுவவிட்டுப் புகை கிளப்புவதும் இப்படித்தான்: வேகமாகத் தோன்றும், வேகமல்ல. மலேசியாவின் கரம்ஜித் சிங் 2002-ல் புரோட்டோன் பெர்ட் காரில் உலக ரலித் தொடரின் தயாரிப்புக் கார் பிரிவில் பட்டம் வென்றார். ரலி நடக்கும் மண்ணிலும் சரளைக் கல்லிலும் டயருக்குப் பெரிய கோணத்தில்தான் வலு வரும். அங்கே கார் நழுவி ஓடுவதில் காரணம் இருக்கிறது. தாரில் அதையே செய்தால் வேடிக்கை பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள், கடிகாரம் தட்டாது.

இந்தக் கடிகாரம்தான் ஆட்டோகானாவின் உண்மையான ஆசிரியர் என்பேன். ஏன் என்பதை ஓர் ஆய்வு விளக்கும். 1996-ல் ஸ்வீடனில் நில்ஸ் பெட்டர் கிரெகெர்சென் என்பவர் புதிதாகக் கார் ஓட்டப் பழகுகிறவர்களை இரு குழுவாகப் பிரித்தார். ஆபத்தான நேரத்தில் காரைச் சமாளிக்கும் திறமையை ஒரு குழுவுக்கு முடிந்தவரை பயிற்றுவித்தார்கள். மற்றக் குழுவுக்கு, அந்த நேரத்தில் தங்கள் திறமை போதாமல் போகலாம் என்பதை உணர்த்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்ததில் இரு குழுவினருக்கும் உண்மைத் திறமையில் வேறுபாடு இல்லை. ஆனால் முதல் குழு தன்னைப் பெரிய திறமைசாலியாக எண்ணிக்கொண்டிருந்தது. காரைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டோம் என்ற எண்ணமே ஆபத்தாகலாம் என்பது இதன் பாடம். ஆட்டோகானாவுக்குப் போகும் நம் இளைஞர்கள் இதை மறக்கக் கூடாது. அங்கே போய் வந்தபின் நெடுஞ்சாலையில் துணிச்சல் கூடினால் பாடம் தப்பாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஆட்டோகானாவில் பிரமாதமாக ஓட்டினோம் என்று நினைக்கும்போதே எதிரில் கடிகாரத்தின் எண் வந்து நிற்கிறது, கூம்பு விழுந்து கிடக்கிறது. அதை ஒப்புக்கொள்ளப் பழகுகிறவர்தான் முன்னேறுகிறார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் மழை எவ்வளவு சீக்கிரம் வரும் என்று நமக்குத் தெரியும். முதல் துளிகள் சாலையில் படிந்த எண்ணெயோடும் தூசியோடும் கலக்கும்போது, காய்ந்த தாரில் இருந்த பிடிமானத்தில் கணிசமான பகுதி போய்விடுகிறது. 2019-ல் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் இறந்தார்கள். ஆனால் இதற்கெல்லாம் நம்மைத் தயார்படுத்த வேண்டிய லைசென்ஸ் சோதனையில் மேட்டில் நிறுத்தி எடுக்கிறோம், பக்கவாட்டில் நிறுத்துகிறோம், மூன்று முனையில் திருப்புகிறோம். முழு பலத்தோடு பிரேக் அடித்தால் பெடல் காலடியில் தடதடவென்று அதிரும் என்பதை அங்கே யாரும் அறிவதில்லை. அது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம். முதன்முதலில் நெடுஞ்சாலையில், எதிரே லாரி நிற்கும்போது அதை உணர்கிறவர், ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடக்கூடும். அந்த அதிர்வை வாகன நிறுத்துமிடத்தில், கூம்புகளுக்கு முன்னால் உணர்ந்தவர் காலை எடுக்கமாட்டார்.

தொடங்க விரும்புகிறவர்களுக்குச் செலவு அதிகமில்லை. வீட்டிலிருக்கும் கார் போதும். தேய்ந்த டயர் கூடாது. காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டும். காருக்குள் உருளக்கூடிய எதையும் வெளியே எடுத்துவிட வேண்டும். முதுகு இருக்கையோடு ஒட்டி, தோள் சாய்ந்திருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டீரிங்கின் மேல்விளிம்பைத் தொடும்படி உட்கார வேண்டும். கார் நழுவுவதை உடம்பு உணர்வது அந்த இருக்கையின் வழியாகத்தான். முதல் ஓட்டத்தில் நேரத்தைப் பார்க்காமல் பாதையைச் சரியாக முடித்தால் போதும். தலைக்கவசமும் பதிவுபெற்ற ஏற்பாட்டாளரும் கட்டாயம். இரவில் காலியான சாலையில் நண்பர்களோடு ஓட்டிப் பார்ப்பது இதற்கு மாற்று ஆகாது.

ஷா ஆலமிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் காலியாகக் கிடக்கும் பெரிய வாகன நிறுத்துமிடங்களுக்குக் குறைவில்லை. மேற்பார்வையோடு அவற்றில் சில மணி நேரம் கூம்பு அடுக்கினால், லைசென்ஸ் எடுத்த ஒவ்வோர் இளைஞனும் இளம்பெண்ணும் தன் காரின் எல்லையை ஆபத்தில்லாமல் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடலாம். அந்த எல்லை தாம் நினைத்திருந்ததைவிட எவ்வளவு அருகில் இருக்கிறது என்று கண்டுகொண்டவர்கள், மழை நாளில் முன்னே போகும் காருக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டு ஓட்டுவார்கள். போட்டியில் கிடைக்கும் எந்தக் கோப்பையையும்விட அந்த இடைவெளி பெரியது.