நகர சபையின் கொள்முதலும் ஸ்தலக் கைத்தொழிலும்

ஒரு நகரத்தின் நிர்வாகம் வரி வசூலிப்பதோடு நில்லாமல், வருஷந்தோறும் ஏராளமான சாமான்களை விலைக்கு வாங்கியும் வருகிறது. சாக்கடை மூடிகள், குப்பை வண்டிகள், பள்ளிக்கூட பெஞ்சுகள், ஆஸ்பத்திரித் துணிகள் ஆகிய யாவும் பொதுமக்களின் வரிப்பணத்தைக் கொண்டே வாங்கப்படுகின்றன. அப்பணம் அவ்வூர்த் தொழிலாளிகளுக்கே கூலியாகத் திரும்பவேண்டும் என்னும் எண்ணமே ஸ்தலத் தொழில்களுக்குக் கொள்முதலில் சலுகை அளித்தல் என்பதன் அடிப்படையாகும்.

இவ்வெண்ணம் புதியதன்று. முற்காலத்தில் இந்திய சர்க்காருக்கு வேண்டிய சாமான்கள் பல, லண்டனிலிருந்த இந்தியா ஆபீஸ் மூலமாகவே வாங்கப்பட்டன. 1916 முதல் 1918 வரை விசாரணை நடத்திய கைத்தொழில் கமிஷன் இம்முறையை மாற்றும்படி சிபார்சு செய்தது. 1922இல் இந்திய ஸ்டோர்ஸ் இலாகா ஏற்பட்டது. 1931இல் அமலுக்கு வந்த விதிகளின்படி டெண்டர்கள் இந்தியாவிலேயே ரூபாய்க் கணக்கில் கோரப்பட்டன. தரம் போதுமானதாயின் இந்நாட்டுச் சாமான்களுக்கு முதலிடமும் தரப்பட்டது.

நாட்டின் அளவில் தோன்றிய இக்கேள்வி நகரத்தின் அளவிலும் எழுகின்றது. அதற்கு வட சென்னை தக்க உதாரணமாகும். எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியும், திருவொற்றியூரில் 1955இல் என்பீல்டு தொழிற்சாலையும் ஏற்பட்டன. இத்தகைய பெருந்தொழில்களைச் சுற்றி வார்ப்படப் பட்டறைகளும் கடைசல் பட்டறைகளும் பல உண்டாயின. திருவொற்றியூரும் எண்ணூரைச் சேர்ந்த கத்திவாக்கமும் தனி நகரசபைகளாக இருந்து, 2011இல் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டன. சிறிய நகரசபை 50 மூடிகள் கோருமாயின் ஒரு பட்டறை அவற்றைச் செய்து கொடுத்துவிடும். பெரிய மாநகராட்சி 5,000 மூடிகளை ஒரே டெண்டரில் கோருமாயின் அப்பட்டறை வாயிலிலேயே நின்றுவிடும். விலை அதிகம் என்பதைவிட, டிபாசிட்டுத் தொகையும் ஆர்டரின் அளவுமே சிறு தொழிலுக்குப் பெருந்தடையாகின்றன.

இத்தடைகளை நீக்கும் வழியை 2012 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மத்திய சர்க்கார் உத்தரவில் காணலாம். மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் காமராஜர் துறைமுகம் போன்ற மத்தியப் பொதுத்துறை ஸ்தாபனங்களை இது கட்டுப்படுத்தும். அவை தம் வருஷக் கொள்முதலில் நூற்றுக்கு 25 பங்கைச் சிறு தொழில்களிடம் வாங்கவேண்டும். தொடக்கத்தில் இது 20 பங்காக இருந்தது. சிறு தொழில்கள் டிபாசிட் கட்டவேண்டுவதில்லை; டெண்டர் பத்திரமும் இலவசம். மிகக் குறைந்த விலை 100 ரூபாய் என்று கொள்வோம். 115 ரூபாய்க்கு மேற்படாத விலை கூறிய சிறு தொழிலாளி, 100 ரூபாய்க்கே தர இசைவானாகில், ஆர்டரில் ஒரு பங்கைப் பெறுவான். இதனால் கஜானாவுக்கு அதிகச் செலவு இல்லை. உற்பத்தி செய்வோரும் பணி செய்வோரும் மட்டுமே இச்சலுகைக்கு உரியவர்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது கிடையாது.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. இவ்வுத்தரவு தொழிலின் சிறுமையைப் பார்க்கின்றதேயன்றி ஊரைப் பார்ப்பதில்லை. திருவொற்றியூர்ப் பட்டறைக்கு உள்ள உரிமை கோயமுத்தூர்ப் பட்டறைக்கும் உண்டு. “நகரத்தார் நகரத்தாரிடமே வாங்கவேண்டும்” என்று விதித்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். கிராமச் சங்கத்தினர் இதனை நன்கு சிந்திக்கவேண்டும். நகரத்துக்குக் கிராமச் சங்கம் வெளியூரே அன்றோ? 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தினால் பல ஜில்லாக்களின் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வேலை கிடைத்தது. ஒவ்வொரு நகரமும் தன் கதவை அடைத்துக்கொண்டால், நெய்த துணி தறியடியிலேயே தங்கும். போட்டியிடுவோர் சிலரே ஆனால், அவர்கள் தம்முள் பேசி விலையை உயர்த்தவும் இடமுண்டு. ஆகையால் நல்ல சலுகை என்பது சிறியவன் நுழையும்படி வாயிலை அகலமாக்குவதேயன்றி அயலானுக்கு வாயிலை அடைப்பதன்று.

சங்கங்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, உத்யம் பதிவை முறையாகச் செய்துகொள்ளவேண்டும். இரண்டாவது, தனியொருவரால் இயலாத ஆர்டரைப் பல அங்கத்தினர்கள் பகிர்ந்து செய்து, சங்கத்தின் பெயரால் ஒரே தரத்தில் ஒப்படைக்கவேண்டும். மூன்றாவது, பணத்தைக் கேட்டு வாங்க அறியவேண்டும். சிறு தொழில்கள் செய்த சாமான்களை விற்கும் கூட்டுறவுச் சங்கத்தையும் 2006ஆம் வருஷச் சட்டம் சப்ளை செய்பவராகவே கருதுகின்றது. சாமான்களை ஏற்றுக்கொண்டவர் 45 நாட்களுக்கு மேற்படாமல் பணம் தரவேண்டும். தவறினால் ரிஸர்வ் பாங்கி அறிவிக்கும் பாங்கு விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டியை, மாதக் கூட்டு வட்டியாகச் செலுத்தவேண்டும்.

சலுகை ஆர்டரைப் பெற்றுத் தரலாம். அடுத்த ஆர்டரைப் பெற்றுத் தருவது சாமானின் தரமும் தவணை தவறாமையுமே. இதனை உணர்ந்து நடக்கும் சங்கத்துக்கு எந்நகரமும் அயலூர் ஆகாது.