எந்தக் கோழி வாங்கினா சாகாது?

திண்டுக்கல் பக்கம் மானாவாரிக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இது:

“போன பங்குனியில எங்க வீட்டுல இருந்த 20 கோழியில 17 செத்துப்போச்சு. ஆறே நாள்ல எல்லாம் முடிஞ்சது. அவசரத்துக்கு ரெண்டு கோழியைப் பிடிச்சு வித்துத்தான் பிள்ளைகளுக்கு நோட்டு, துணிமணி வாங்குவேன். இப்ப மூணு பொட்டைக்கோழிதான் மிச்சம். மறுபடி வாங்கலாம்னு இருக்கோம். ஒருத்தர் வனராஜா வாங்கச் சொல்றார், இன்னொருத்தர் கருங்கோழி வாங்கச் சொல்றார். எந்தக் கோழி வாங்கினா சாகாது?”

சகோதரி, சாகாத கோழி என்று எந்த ரகமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. புதுக் குஞ்சுக்குப் பணம் கொடுக்கும் முன், பழைய கோழிகள் ஏன் செத்தன என்று பார்த்துவிடுவோம்.

சந்தையிலிருந்து வந்த சேவல்

அவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தோம். சாவு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, வீட்டுக்காரர் சந்தையில் ஒரு சேவல் வாங்கி வந்திருக்கிறார். வந்த அன்றே மற்ற கோழிகளோடு அடைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் சேவல் இறகைச் சிலுப்பிக்கொண்டு மூலையில் நின்றிருக்கிறது. பிறகு ஒவ்வொரு கோழியும் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்திருக்கிறது. சில கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொண்டது.

இவை இராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல் நோயின் அறிகுறிகள். இது வைரஸ் நோய். வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. தடுப்பூசி மட்டுமே வழி. பறவைக்காய்ச்சலிலும் இப்படிக் கூட்டமாகச் சாகும் என்பதால், திடீர்ச் சாவு கண்டால் கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். எந்த நோய் என்று உறுதி செய்ய வேண்டியது அவர்தான். செத்த கோழியைச் சமைக்கவோ, ஓடையில் வீசவோ கூடாது. ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

“ஊருக்குள்ள ஊசி போட வந்தாங்களாம். நாங்க அன்னைக்குக் களை எடுக்கப் போயிட்டோம்” என்றார் அந்தச் சகோதரி.

நாலு வீடு சேர்ந்தால் ஊசி சுலபம்

தமிழக கால்நடை பராமரிப்புத் துறை, பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இரண்டு வாரம் நடத்துவது வழக்கம். வெயில் காலத்தில் நோய் பெருகும் முன் போட்டுவிட வேண்டும் என்பதே காரணம். முகாம் தேதியை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்று காலையில் கோழிகளைத் திறந்துவிடாமல் வைத்திருங்கள்.

ஆனால் முகாமை மட்டும் நம்பினால், இடையில் பொரித்த குஞ்சுகள் விட்டுப்போகும். குஞ்சுகளுக்கு உரிய கணக்கு இது:

* 5 முதல் 7 நாளில்: எஃப் அல்லது லசோட்டா தடுப்பு மருந்து. கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு.
* 4-ம் வாரம்: லசோட்டா, இரண்டாம் முறை.
* 8-ம் வாரம்: ஆர்.டி.வி.கே ஊசி. இறக்கையின் தோலுக்கு அடியில் போடுவார்கள்.

பிறகு எப்போது திரும்பப் போட வேண்டும் என்பதை உங்கள் பகுதி கால்நடை மருத்துவர் சொல்வார். நோய் கண்ட கோழிக்கு ஊசி போடக்கூடாது. நலமாக இருக்கும்போதே போட வேண்டும்.

பத்துக் குஞ்சு வைத்திருப்பவருக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு குப்பியில் நூறு கோழிக்கும் மேல் போடும் அளவு மருந்து இருக்கும். கலக்கிய மருந்தை மறுநாளைக்கு வைக்க முடியாது. அதனால் அக்கம்பக்கத்தில் நாலைந்து வீட்டார் பேசிவைத்து, ஒரே வாரத்தில் அடை வையுங்கள். குஞ்சுகளும் ஒரே வயதில் இருக்கும். ஒரு குப்பி எல்லோருக்கும் போதும். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில்தான் கொண்டுவர வேண்டும். வெயிலில் சட்டைப்பையில் வந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம்.

இப்போது ரகத்துக்கு வருவோம்

ரகம் என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது. “எது நல்ல கோழி?” என்று கேட்பதை விட, “எனக்குக் கோழி எதற்கு?” என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

சிறுவிடை: நம் ஊர்களில் காலங்காலமாக இருப்பது. உடம்பு சிறியது, முட்டையும் சிறியது. ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இட்டாலே அதிகம். ஆனால் தானே மேய்ந்து வயிற்றை நிரப்பும். பருந்து நிழல் தெரிந்தாலே குஞ்சுகளைக் கூப்பிட்டு ஒளித்துவிடும். அடை காப்பதில் கெட்டி.

அசீல், பெருவிடை: எடைக்காக வளர்ப்பவை. நல்ல விலை போகும். சேவல்கள் ஒன்றையொன்று குத்திக்கொள்ளும் என்பதால் தனித்தனி இடம் வேண்டும். முட்டை குறைவு.

கருங்கோழி: கடக்நாத் என்பது இதுதான். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்கு உரியது. 2018-ல் புவிசார் குறியீடு பெற்றது. சரியாக அடை உட்காராது. உங்கள் பக்கம் வாங்க ஆள் உண்டா என்று விசாரித்த பிறகே இறங்குங்கள்.

வனராஜா, கிராமப்பிரியா: ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை வளர்ப்புக்காக உருவாக்கியவை. வனராஜா கறிக்கும் முட்டைக்கும், கிராமப்பிரியா முக்கியமாக முட்டைக்கும் ஏற்றது. வனராஜா உடம்பு கனத்தது. நாய், கீரி துரத்தினால் சிறுவிடை போலப் பறந்து தப்பாது. நம் கால்நடை பல்கலைக்கழகம் தந்த நந்தனம் கோழி-4, நாமக்கல் கோழி-1 ஆகியவையும் இதே நோக்கத்துக்கானவை.

இந்தப் புது ரகங்களில் ஒன்றைக் கவனியுங்கள். இவை பெரும்பாலும் அடை உட்காராது. இவற்றின் முட்டையை எடுத்துப் பொரிக்க வைத்தாலும், தாயின் குணம் அப்படியே குஞ்சுக்கு வராது. ஒவ்வொரு முறையும் புதுக் குஞ்சுக்குப் பணம் கொடுக்க வேண்டும். தினமும் முட்டை விற்க வழி இருந்தால் இது கட்டுப்படியாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கோழி விற்கும் வீட்டுக்கு இது செலவு.

தெருவில் சாயம் பூசி விற்கிற கலர் குஞ்சுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். முட்டைக்கும் ஆகாது, கறியும் தேறாது.

உங்கள் வீட்டிலேயே இருக்கிறது விதை

“மிச்சமுள்ள மூன்றில் அடை உட்காருகிற கோழி உண்டா?” என்று அவரிடம் கேட்டோம். “செவலை ஒண்ணு இருக்கு. வருசத்துக்கு மூணு தடவை உட்காரும். முட்டை குறைச்சல்னு அதைத்தான் விக்கலாம்னு இருந்தோம்” என்றார்.

அதை விற்றுவிடாதீர்கள் சகோதரி. கரன்ட் இல்லாமல் ஓடும் பொரிப்பான் அது.

இரண்டு மாதம் பொறுங்கள். பிழைத்த கோழிகளும் சில வாரம் நோயைப் பரப்பக்கூடும். அதற்குள் கூட்டின் மண்ணைச் சுரண்டிக் குழியில் கொட்டி மூடுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பஞ்சாரத்தை நன்றாக வெயிலில் காயவிடுங்கள். பிறகு, நோய் வராத வீட்டிலிருந்து, தடுப்பூசி போட்ட ஒரு சேவலை வாங்குங்கள். இரண்டு வாரம் தனியே கட்டி வைத்துக் கவனியுங்கள். தீனி, தண்ணீர்ப் பாத்திரமும் தனியாக இருக்கட்டும். மற்ற கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே அதனிடம் போங்கள்.

செவலை அடை உட்கார்ந்ததும், ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாகப் பார்த்து 10 முதல் 12 வையுங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், கருக்கூடாத முட்டை தெளிவாகத் தெரியும், எடுத்துவிடலாம். 21-ம் நாள் குஞ்சு வரும். முதல் சில வாரம் தாயோடு பஞ்சாரத்திலேயே இருக்கட்டும். அரிசிக்குருணை, உடைத்த கம்பு கொடுங்கள். பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால், காலையில் குஞ்சுகளுக்குக் கரையான் கிடைக்கும். சத்தான தீனி, காசு செலவில்லை.

குஞ்சு பொரித்த தேதியை நாள்காட்டியில் எழுதி, அதிலிருந்து ஏழாம் நாளைச் சுழித்து வையுங்கள். அன்று சொட்டு மருந்து. களை வேலை ஒரு நாள் தள்ளிப்போகலாம். இது தள்ளிப்போகக் கூடாது.

“பக்கத்து மூணு வீட்டுலயும் அடைக்கோழி இருக்கு. பேசிப் பார்க்கிறேன்” என்று சொல்லியிருக்கிறார் அந்தச் சகோதரி. நீங்களும் உங்கள் தெருவில் பேசிப் பாருங்கள்.