அந்த இளஞ்சிவப்புப் புத்தகத்தை யார் படிப்பது?

தாய்மார்களே, மாமியார்களே, வீட்டு ஆண்பிள்ளைகளே! இம்முறை மருந்து மாத்திரையோடு படிப்பைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. "சுகாதாரப் பகுதியில் பள்ளிக்கூடப் பேச்சு எதற்கு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

நம் நாட்டில் 1950ஆம் ஆண்டுவாக்கில், ஒரு லட்சம் பிரசவத்துக்கு 500க்கும் அதிகமான தாய்மார்கள் இறந்தார்கள். 2010இல் அந்தக் கணக்கு 30க்கும் கீழே வந்துவிட்டது. கிராமத்துக் கிளினிக், பயிற்சி பெற்ற தாதி, ஆஸ்பத்திரியில் ரத்தம், நல்ல ரோடு எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. பெண்பிள்ளைகள் படித்ததும் அதில் சேர்த்திதான். கிளினிக் கட்டி வைத்தால் மட்டும் போதுமா? நேரத்தோடு அங்கே கிளம்பிப் போகத் தெரிந்த பெண்ணும் வேண்டுமே!

பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளிக்கூடம் வந்தது. ஆனால் நம் பாட்டிமார் பலர் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்போடு நின்றுபோனார்கள். அம்மா பால்வெட்டுக்குப் போனால் தம்பி தங்கையை யார் பார்ப்பது? "பொட்டப்புள்ள படிச்சு என்ன கிழிக்கப் போகுது" என்ற பேச்சு வேறு. யார் கிழித்தார்கள் என்பது பிரசவ நேரத்தில்தான் தெரிந்தது.

முழுகாமல் இருப்பதை மூன்று மாதம் வெளியே சொல்லக்கூடாது, கண்ணு பட்டுடும் என்பார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், இருக்கட்டும். தாதியிடம் சொல்வது ஊருக்குச் சொல்வதாகாது. 12 வாரத்துக்குள் கிளினிக்கில் பதிந்துவிடுங்கள். ஏன் இந்த அவசரம்? நடு மாதங்களில் ரத்த அழுத்தம் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். அப்போது போய் முதன்முறையாக அளந்தால், முன்பே இருந்த கோளாறு மறைந்து நிற்கும். கடைசி மாதத்தில் அது திடீரென்று ஏறும்போது எல்லாரும் கையைப் பிசைவார்கள். சர்க்கரை, இருதயக் கோளாறு, ரத்தசோகை எல்லாமே முன்கூட்டித் தெரிந்தால்தான் வழி செய்ய முடியும்.

ரத்தசோகை என்றால் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருப்பது. இரும்புச்சத்து மாத்திரை தின்றால் மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு பயந்து மாத்திரையை அலமாரியில் போட்டுவிடாதீர்கள். அதனால் கெடுதல் இல்லை. தேத்தண்ணியோடும் கோப்பியோடும் மட்டும் விழுங்காதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது. ரத்தம் குறைந்த உடம்பு பிரசவத்தில் இன்னும் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்காது.

கிளினிக்கில் கொடுக்கும் இளஞ்சிவப்புப் புத்தகத்தை மஞ்சள் பையில் சுருட்டி வைத்தால் என்ன பயன்? அதில் கலர் ஒட்டு இருக்கும். வெள்ளை என்றால் தாதியின் வழக்கமான கவனிப்பு. பச்சை என்றால் கிளினிக் டாக்டரும் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் ஆஸ்பத்திரி நிபுணரிடம் அனுப்புவார்கள், தள்ளிப்போடாதீர்கள். சிவப்பு என்றால் அப்போதே ஆஸ்பத்திரி. எழுத்துத் தெரியாதவர்கள் கலரைப் பாருங்கள். வீட்டில் படிக்கிற மகள் இருந்தால் பக்கம் பக்கமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவளுக்கும் அது பாடம்தானே!

மொழியும் ஒரு தடங்கல். தாதி மலாயில் கேட்பார், நம்மவள் தலையை ஆட்டிவிட்டு வருவாள். கூட வந்த வீட்டுக்காரரிடமோ மாமியாரிடமோ சொல்ல வெட்கப்படுகிற சங்கதியும் உண்டு. ஆகவே இந்த நாலு வார்த்தையையாவது மனப்பாடம் செய்யுங்கள். ரத்தம் போனால் "தாரா". தலைவலி தாங்க முடியாவிட்டால் "சாக்கிட் கெப்பாலா". கண் மங்கினால் "மாத்தா காபுர்". குழந்தை அசையாவிட்டால் "பாயி தா கெராக்".

இந்த நாலில் எது வந்தாலும், "அவர் வேலை முடிஞ்சு வரட்டும், அத்தையைக் கேட்கலாம்" என்று காத்திருக்கக்கூடாது. தலைவலியும் கண் மங்கலும் உப்புநீர் முற்றி வலிப்பில் போய் முடியலாம். பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்காமல் போனால் ஓரிரு மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. கிளம்பு என்று சொல்லும் உரிமை பிள்ளைத்தாச்சிக்கே இருக்க வேண்டும். மாமியார்கள் கோபிக்கக் கூடாது. நாலு எழுத்துப் படித்த மருமகள் எதிர்த்துப் பேசுகிறாள் என்று நினைக்க வேண்டாம், அவள் உயிரைப் பற்றித்தான் பேசுகிறாள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்னொன்று. 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியிருக்கிறது. மண்டோரிடம் வாயால் சொல்லி விட்டுவிடாமல், ஆபீசில் எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் சங்கக் கிளைச் செயலாளரிடம் கேளுங்கள்.

எட்டாம் மாதம் பிறந்ததும் புத்தகம், அடையாள அட்டை, ஒரு மாற்றுத் துணி மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கதவோரம் மாட்டுங்கள். ராத்திரியில் கார் யாருடையது என்று இப்போதே பேசி வையுங்கள். கார் கிடைக்காவிட்டால் 999ஐ அழைத்து, தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் மெயின் ரோட்டிலிருந்து வரும் வழியையும் சொல்லுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அந்த வழியைச் சொல்லப் பழக்கி வையுங்கள்.